ஹேது பச்சயோ: புதியது எங்கிருந்து வருகிறது?

ரங்கூனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஓசை காதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தெருவில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, இரவும் பகலும் விடாமல், புத்த நூல்களின் மொழியான பாலியில் ஓதுவார்கள். "ஹேது பச்சயோ, ஆரம்மண பச்சயோ, அதிபதி பச்சயோ..." என்று அது போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுச் சாம்பிராணியும் முருகன் பாட்டும் அந்த ஓசைக்கு நடுவில்தான். பொருள் தெரியாமலே அந்த வரிசையில் பாதியை ஒப்பிப்பேன். அது என்ன சொல்கிறது என்று விசாரித்துப் படிக்க எனக்கு நாற்பது வயதானது. அத்தனை நாள் காதில் விழுந்ததைக் கேட்காமல் இருந்துவிட்டோமே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஓதப்படுவது பட்டானம். புத்தத்தின் தத்துவப் பகுதியான அபிதம்மத்தின் ஏழாவது, கடைசி நூல். 1954 முதல் 1956 வரை ரங்கூன் கபா ஏ குன்றில் நடந்த ஆறாவது சங்காயனத்தில் (பிக்குகள் கூடி மறைநூலைச் சரிபார்க்கும் பேரவை) பதிப்பித்த திரிபிடகம் என்னும் புத்த மறைநூலின் நாற்பது தொகுதிகளில் இது ஒன்றே ஐந்து தொகுதிகள். அத்தனை பக்கங்களும் ஒரே ஒரு கேள்வியைத்தான் துருவுகின்றன: ஒன்று இன்னொன்றுக்கு எந்தெந்த விதத்தில் துணையாகிறது? அந்த விதங்கள் மொத்தம் 24. ஒவ்வொன்றும் ஒரு பச்சயம்.

பச்சயம் என்ற பாலிச் சொல்லுக்குத் தமிழில் நல்ல சொல் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது: சார்பு. மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் பாடமே இதுதான். "சார்பின் தோன்றி" என்கிறார் சாத்தனார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று பன்னிரண்டு கண்ணிகளைத் தமிழிலேயே வரிசைப்படுத்துகிறார். பர்மிய வீடுகளில் பிள்ளைகள் பாலியில் மனப்பாடம் செய்யும் அதே பன்னிரண்டு. புத்தம் பர்மாக்காரர்களுடையது, நமக்கு வெளியே இருப்பது என்று நினைக்கிற தமிழர் அந்தக் காதையை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, சார்பு என்றால் என்ன?

சுத்தங்கள் எனப்படும் புத்தரின் போதனை உரைகளில் திரும்பத் திரும்ப வரும் சூத்திரம் இது: இது இருந்தால் அது இருக்கும், இது எழுந்தால் அது எழும். இது இல்லையென்றால் அது இல்லை. இது அடங்கினால் அது அடங்கும். எந்தப் பொருளும், எந்த எண்ணமும் தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவதும் இல்லை. பல சார்புகள் கூடும்போது அது தோன்றுகிறது, கலைந்தால் மறைகிறது. முதல் படைப்பாளி யார் என்ற கேள்விக்கே புத்தம் போவதில்லை.

இது எவ்வளவு பரவிய கருத்து என்பதற்கு ஒரு சிறு களிமண் வில்லை போதும். புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான சாரிபுத்தர் துறவியாவதற்கு முன் அசஜி என்ற பிக்குவிடம், உங்கள் குரு என்ன போதிக்கிறார் என்று கேட்டார். அசஜி சொன்ன பதில் "யே தம்மா ஹேதுப்பபவா" என்று தொடங்கும்: காரணத்தில் பிறப்பவை எவையோ, அவற்றின் காரணத்தைத் ததாகதர் (புத்தர்) சொன்னார், அவை அடங்குவதையும் சொன்னார். இந்த ஒரு பாட்டைக் களிமண்ணில் அச்சுக் குத்திச் சுட்டு வைப்பது ஆசியா முழுக்க வழக்கமாக இருந்தது. இந்தியாவிலும் ஜாவாவிலும் கிடைக்கிறது, பர்மாவின் பழைய தலைநகரான பகானில் நிறையவே கிடைக்கிறது. கோயில் கட்ட வசதியில்லாதவரும் உள்ளங்கை அளவு களிமண்ணில் புத்தர் உருவத்தையும் அதற்கடியில் இந்தப் பாட்டையும் பதித்துப் புண்ணியம் தேடிக்கொண்டார். அசோகன் ஆணைக்கும் ஆங்கிலக் கப்பலுக்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தனை நாடுகள் ஒரே வாக்கியத்தைக் கையால் பதித்துக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

தத்துவமாகக் கேட்டால் இது நழுவிவிடும். ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம்.

பகானில் செய்யும் லாக்கர்க் கிண்ணம் எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. மூங்கில் சிம்புகளுக்கு நடுவே குதிரை மயிரைப் பின்னிச் செய்தது. அதன் வாயை இரண்டு விரலால் அமுக்கினால் ஒரு விளிம்பு எதிர் விளிம்பைத் தொடும். விட்டால் பழையபடி வட்டமாகிவிடும், ஒரு கீறல் கூட விழாது. இதற்கு முதலில் மூங்கில் வேண்டும், மயிர் வேண்டும். அப்புறம் தித்சி மரத்தின் பால் வேண்டும். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும் அந்தப் பாலைச் சாம்பலோடு குழைத்து ஒரு பூச்சுப் பூசுவார்கள். பூசியதை வெயிலில் வைக்கக் கூடாது. தரைக்கு அடியில் ஈரப்பதமான அறையில் நாள்கணக்கில் வைக்க வேண்டும். நமக்குத் தெரிந்த பூச்செல்லாம் காற்றிலும் வெயிலிலும் காயும். இதுவோ ஈரத்தில்தான் இறுகும். ஒரு பூச்சு இறுகியதும் தேய்த்து, அடுத்த பூச்சு, மறுபடி அதே இருட்டறை. இப்படி மாதக்கணக்கில் போகும். கடைசியில் கூரான ஊசியால் கையாலேயே கோலம் கீறி நிறம் நிரப்புவார்கள்.

இந்தக் கிண்ணத்தைப் படைத்தது யார்? கைவினைஞர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவரையே கேட்டால் ஈரத்தைச் சொல்வார். மழைக்காலத்தில் ஒரு மாதிரி இறுகும், கோடையில் இன்னொரு மாதிரி. இந்தக் கலையைப் பர்மியர் யுன் என்கிறார்கள். அது வட தாய்லாந்து மக்களுக்குப் பர்மிய மொழியில் உள்ள பெயர். கற்றுக்கொடுத்தவர் யார் என்பது பொருளின் பெயரிலேயே தங்கிவிட்டது.

இப்போது பட்டானத்தின் 24இல் சிலவற்றை இந்தக் கிண்ணத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட வேண்டும். பட்டானம் முதன்மையாகப் பேசுவது மனக்கணங்களைப் பற்றியும் உடலைப் பற்றியும்தான். நான் அதைக் கலைக்கு நீட்டிச் சொல்கிறேன். ஆனால் உரையாசிரியர்களே அன்றாட உவமைகளால்தான் இதை விளக்கியிருக்கிறார்கள் என்பதால் எனக்கு அந்தத் துணிவு வந்தது.

ஹேது என்பது வேர். ஆசை, பகை, மயக்கம், அவற்றுக்கு எதிரான மூன்று. ஆக ஆறு வேர்கள். செய்கிற செயலுக்கு எந்த வேரிலிருந்து நீர் ஏறுகிறது என்று இது கேட்கிறது. ஆரம்மணம் என்பது மனம் பற்றிக்கொள்ளும் பொருள். எழ முடியாதவர் கயிற்றைப் பிடித்து எழுவது போல, பிடிக்க ஒன்று இல்லாமல் மனம் எழாது. இவை இரண்டையும் எழுதுகிறவர், வரைகிறவர் எல்லாரும் அனுபவத்தில் அறிவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்பதாவதாக வரும் உபநிஸ்ஸயம், அதாவது வலுவான சார்பு. அதில் இயல்பாக அமையும் வகையில் எதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் தெரியுமா? பருவநிலை, உணவு, தங்குமிடம், கூட இருக்கும் ஆள். நுணுக்கத்துக்குப் பெயர்போன ஒரு நூல், மனம் ஒன்றைச் செய்வதற்கு நீ சாப்பிட்ட சாப்பாடும் படுத்த இடமும் அன்றைய வெயிலும் காரணம் என்று எழுதி வைக்கிறது. திறமை இல்லை, கற்பனை வரவில்லை என்று தன்னையே நொந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். சாப்பிட்டாயா? உட்கார இடம் இருக்கிறதா? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

அஞ்ஞமஞ்ஞம் என்பது ஒன்றுக்கொன்று சார்பு. மூன்று குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து நிறுத்துவதை இதற்கு உவமை சொல்வார்கள். எது எதைத் தாங்குகிறது என்று பிரிக்க முடியாது. ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் விழும். கூட்டாகச் செய்யும் கலை எல்லாம் இப்படித்தான் நிற்கிறது. ஆசேவனம் என்பது பழக்கம். முன்பு படித்தது பின்பு படிப்பதை எளிதாக்குவது போல, முந்தியது பிந்தியதற்கு வலு கொடுக்கிறது. கிண்ணத்தில் கீறும் கையைப் பார்த்தால் இது புரியும், அந்தக் கைக்கு வரைபடமே தேவையில்லை.

பிறகு நத்தி, விகதம் என்று இரண்டு. இல்லாமையும் நீங்கிப்போவதும் கூட ஒரு துணையாம்! முந்தைய எண்ணம் விலகினால்தான் அடுத்ததற்கு இடம். பழைய பூச்சைத் தேய்த்து எடுத்தால்தான் புதுப் பூச்சு பிடிக்கும். முதல் முறை படித்தபோது இந்த இரண்டில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

சொந்தம் என்று எதைச் சொல்வது?

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "சயா, நமக்குன்னு சொந்தமா என்ன இருக்கு? பேச்சுல பாதி பர்மா. சாப்பாட்டுல பாதி பர்மா. நான் எழுதுற தமிழ்லயும் பிழை. ஊர்ல இருக்கறவங்க படிச்சா சிரிப்பாங்க." சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர், இங்கே தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் கேள்வி எங்கள் எல்லாருக்கும் உள்ள கேள்விதான். அதற்குச் சார்புக் கொள்கையை விட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் எல்லாருமாகச் சமூசா அத்தொ சாப்பிடப் போனோம். அத்தொ என்றால் கலந்து பிசைந்தது. சமூசாவைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, முட்டைக்கோஸ், வெங்காயம், புதினா போட்டு, புளி ஊற்றித் தருவார்கள். இதில் பர்மியப் பொருள் எது என்று பிள்ளைகளைக் கேட்டேன். சமூசா பாரசீகத்திலிருந்து வந்த பெயரும் பண்டமும். உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் பக்கம். புளியாவது நம்முடையது என்றான் ஒரு பையன். புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா! ஆனாலும் சமூசா அத்தொ ரங்கூனைத் தவிர வேறு எந்த ஊரிலும் பிறந்திருக்காது. 1960களில் இங்கிருந்து கப்பல் ஏறிய நம்மவர்கள் கொண்டுபோன அத்தொ, சென்னை பர்மா பஜார் பக்கத்தில் வாழைத்தண்டு சூப்போடு இன்னொரு வடிவம் எடுத்துவிட்டது. அதைச் சாப்பிட்டு வளர்ந்த சென்னைப் பிள்ளைக்கு அது சென்னைச் சாப்பாடு.

எழுத்தும் அப்படித்தான். வட்ட வட்டமான பர்மிய எழுத்து, தென்னிந்திய பிராமி வழியில் வந்து பர்மாவின் பழங்குடிகளில் ஒருவரான மோன்களின் கையில் உருமாறியது. பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் என்ற சொல் நம் சங்கராந்தியேதான். துயாததி என்று பர்மியர் வணங்குவது சரஸ்வதியை. அன்னத்தின் மேல் அமர்ந்து திரிபிடகத்தைக் கையில் ஏந்திக் காவல் காக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் பர்மியப் பிள்ளைகள் அவளைக் கும்பிடுவார்கள், எங்கள் பிள்ளைகள் ஆயுத பூஜையன்று கும்பிடுவது போல. படைத்தவன் ஒருவன் உண்டு என்று சொல்லாத சமயத்தில், படைப்புக் கடவுளின் மனைவிக்கு இப்படி ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

நாகப்பட்டினத்து நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1476இல் கீழ் பர்மாவில் பெகுவை ஆண்ட மோன் மன்னர் தம்மசேதி, பிக்கு சங்கத்தின் ஒழுங்கைச் சீராக்க 22 மூத்த பிக்குகளைச் சீடர்களோடு தீட்சை பெற்றுவர இலங்கைக்கு அனுப்பினார். திரும்பும் வழியில் ஒரு கப்பல் உடைந்தது. கரையேறியவர்கள் நடந்தே நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பதரிகாராமம் என்ற விகாரை இருந்த இடத்தைப் பார்த்தார்கள். சீன அரசர் கட்டுவித்த குகையில் இருந்த புத்தரை வணங்கினார்கள். பெகுவில் பத்துக் கற்களில் பொறித்த கல்யாணிக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. மோன் பிக்கு, இலங்கைத் தீட்சை, சோழநாட்டுக் கரை, சீனர் கட்டிய குகை! உலகம் இப்போதுதான் சுருங்கியது என்று யாராவது சொன்னால் இந்தக் கல்லை நினைத்துக்கொள்வேன்.

எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடிய இடங்கள்

எல்லாம் சார்பு என்றால் நான் செய்வதற்கு என்ன இருக்கிறது, விதிப்படி நடக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொள்ளலாமா? கூடாது. புத்தர் வினை என்ற சொல்லுக்கே சேதனை, அதாவது மனம் துணிதல் என்றுதான் பொருள் சொன்னார். கூடும் சார்புகளில் உன் துணிவும் ஒன்று. அது ஒன்றுதான் எல்லாம் என்பதும் தவறு, அது ஒன்றுமே இல்லை என்பதும் தவறு.

எல்லாரும் எல்லாரிடமும் வாங்கியதுதானே, பிறர் எழுதியதை என் பெயரில் போட்டால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. ஐந்து சீலத்தில் இரண்டாவது, கொடுக்காததை எடுக்காதே என்பது. அதற்கும் மேலாக, யாரிடம் கற்றோம் என்பதை மறைப்பவர் தன் படைப்பு எப்படிப் பிறந்தது என்பதைப் பற்றியே பொய் சொல்கிறார். பர்மியக் கலைஞர்கள் மேடையேறும் முன் தேங்காயும் வாழைப்பழச் சீப்பும் வைத்துக் குருவுக்குக் கடோ என்னும் வணக்கம் செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். சார்பை வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அது.

இன்னொன்று கசப்பானது. நாகரிகங்கள் கலந்தால் எல்லாம் இனிமையாகவே முடியும் என்று சார்புக் கொள்கை சொல்லவில்லை. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நம் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் ஏறத்தாழ 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம். பெரும்பாலானோர் நிலத்தை விரும்பி வாங்கவில்லை. உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது, விவசாயிக்குக் கடன் அடைக்க வழியில்லாமல் போனது, அடகு வைத்த நிலம் கைமாறியது. ஆனால் நிலத்தை இழந்த பர்மியக் குடும்பத்தின் கோபத்துக்கு அதுவே சார்பு. நுகர்வு, வேட்கை, பற்று என்று சாத்தனார் அடுக்கிய அந்தக் கண்ணிகள் வயல்வெளியில் அப்படியே நடந்தன. அதன் பின் 1942இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி இந்தியாவுக்கு நடைப்பயணம், 1964இல் கடைகளும் தொழில்களும் தேசியமயம், கப்பல், பிரிவு. எங்கள் தாத்தாக்கள் ஏன் எங்களை மட்டும் என்று கேட்டார்கள். நான் இரண்டு பக்கத்தையும் ஒரே சங்கிலியில் வைத்துப் பார்க்கப் பழகியது பட்டானத்தைப் படித்த பிறகுதான்.

அதே காலம் வேறொன்றையும் பெற்றது. 1885இல் ஆங்கிலேயர் மன்னர் தீபாவை நாடு கடத்திய பின், சாசனத்தை, அதாவது புத்த சமயத்தை, காக்க அரசன் இல்லையே என்ற கவலை பர்மாவில் பரவியது. துறவியல்லாதவரும் தியானம் கற்க வேண்டும் என்று லெடி சயாதோ என்ற மூத்த பிக்கு ஊர் ஊராகப் போதித்தார். அந்த வழி ஒரு விவசாயி ஆசிரியர் மூலமாக ஊ பா கின் என்ற அரசுக் கணக்குத் துறைத் தலைவருக்கு வந்தது. மாண்டலேயில் பிறந்த மார்வாடி வணிகர் கோயங்கா, ஒற்றைத் தலைவலி தாங்காமல் 1955இல் அவரிடம் போனார். 1969இல் கோயங்கா இந்தியா போனார். அந்தத் தியானத்தின் பெயரான விபாசனா என்ற சொல் தெரியாத நாடு இன்று குறைவு. ஒரு மன்னர் போனது, ஒரு கணக்கு அலுவலகம், ஒரு தலைவலி: இவற்றில் எதை நீங்கள் உருவ முடியும்?

அந்தப் பெண் பிள்ளைக்கு வருகிறேன். பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்தேன். நீ எழுதிய கவிதை ஒன்றை எடு, அது எதையெல்லாம் சார்ந்து வந்தது என்று அடியில் எழுது, நினைவுக்கு வருவதையெல்லாம் எழுது என்றேன். அவள் கவிதை அம்மாவின் இட்லிக் கடையைப் பற்றி எட்டு வரி. அடுத்த ஞாயிறு கொண்டுவந்த பட்டியல் இரண்டு பக்கம். மழையில் கரண்ட் போனது, மெழுகுவத்தி, பாட்டி திட்டும்போது சொல்லும் ஒரு தஞ்சாவூர்ச் சொல், பக்கத்து வீட்டு டோ டோ (பர்மிய மொழியில் அத்தை) கொடுத்த நோட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த பர்மியப் பாட்டின் தாளம், முதலில் எழுதிக் கிழித்த மூன்று தாள்கள்.

கிழித்த தாள்களுக்கு நேரே, நான் சொல்லாமலே, பர்மிய எழுத்தில் நத்தி பச்சயோ என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே தமிழில், சிறிய எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது: "இட்லித் துணியில் அம்மா கை வாசம்." அந்த வரியைக் கவிதையில் சேர்க்கலாமா சயா என்று கேட்டாள்.